இன்னும் நான்கு வரி

வெட்டு விழுந்தபோது அவருக்கு இன்னும் நான்கு வரி மீதியிருந்தது. அதை நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. இரத்தம் காய்ந்து கறுத்து இரண்டு பத்திகளை மூடிவிட்டது. அடியிலுள்ள நான்கு வரிகளை மட்டும் இப்போதும் சுகமாக வாசிக்கலாம்.

நாளும் நேரமும் என் குறிப்புக் கொப்பியில் இருக்கின்றன. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே குடியேற்றத்தில் இருப்பதால் திகதியை இங்கே எழுதவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஆவணி மாதம், சனிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம் என்பது போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குடியேற்றத்தின் ஓரத்தில் கொட்டில் போட்டிருந்தேன். காணிக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன் என்பதால் ஊரார் என்னைக் கிளாக்கர் ஐயா என்றார்கள். ஊருக்கு ஒரு வாசிகசாலை இருந்தது. அரைச்சுவர், கிடுகுக் கூரை, உட்கார நீளமான ஒரு வாங்கு. வவுனியாவிலிருந்து சைக்கிளில் சாமான் கட்டி வருகிறவர்கள் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து ஒரேயொரு பத்திரிகையைக் கொண்டுவருவார்கள். அது வந்து சேர மூன்று நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். அதற்கு அறுபது எழுபது வாசகர்கள்.

ஆரம்பத்தில் அடிபிடி. ஒரு நாள் கிளிநொச்சிச் செய்தி இருந்த பக்கத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் இழுத்தார்கள். தாள் கிழிந்தது. கிழிந்த பாதியோடு நின்றவர் மற்றவரின் வாயில் குத்தினார். முன்பல் இரண்டும் வாங்கில் விழுந்தன. விழுந்த பல்லைப் பொறுக்கிக்கொண்டே அந்த மனிதர், "மிச்சத்தை வாசியடா, என்ன போட்டிருக்கு எண்டு சொல்லு" என்றது எனக்கு நினைவிருக்கிறது.

அதன் பிறகுதான் மணி வந்தது. பத்திரிகையை மடிப்போடு வெட்டி நான்கு ஒற்றைத் தாள்களாக்குவோம். வாங்கில் வரிசையாக இருப்போம். வாசிகசாலைப் பொறுப்பாளர் ஒரு மேசைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கூரைக் கம்பில் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரும்பால் அடிப்பார். அடி விழுந்ததும் கையிலிருக்கும் தாளை இடப்பக்கத்துக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். சொல்லின் நடுவில் நின்றாலும் கொடுக்கத்தான் வேண்டும். முதல் பக்கம் எல்லோருக்கும் முதலில் கிடைக்காது. சிலர் செய்தியின் முடிவை முதலில் வாசித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் தொடக்கத்துக்கு வருவார்கள்.

குண்டு விமானம் வந்தால் தாளின் மேல் கல்லை வைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும் என்பதும் விதி. ஒருவரும் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் தாளோடுதான் ஓடுவோம். ஒருதரம் குண்டு விழுந்த சத்தத்தில் தாளைத் தவறவிட்ட ஒருவர் அதை எடுக்கத் திரும்பி ஓடி, தொடையில் குண்டுச் சிதறல் வாங்கினார். ஒரு கதவைக் கழற்றி அதில் அவரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனோம். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஊன்றுகோலோடு வந்து, "அண்டைக்கு ஐஞ்சாம் பக்கத்திலை என்ன இருந்தது?" என்று கேட்டார். எவருக்கும் நினைவில்லை.

இந்த ஐந்து நிமிட வாழ்க்கைக்கு நான் பொருத்தமானவன். கொழும்பில் வேலை செய்த காலத்தில் விரைவாக வாசிப்பது பற்றி ஒரு சிறு புத்தகம் வாங்கிப் பழகியிருந்தேன். வரி வரியாகப் போகக்கூடாது. பத்தியின் நடுவில் கண்ணை வைத்து நேரே கீழே இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் இருப்பதை மூளை தானே எடுத்துக்கொள்ளும். தாளின் இரு பக்கமும் நான்கு நிமிடத்தில் முடிப்பேன். மிச்ச ஒரு நிமிடத்தில் கொப்பியில் குறிப்பு எழுதுவேன். ஒவ்வொரு நாளும் எந்தத் தாளுக்கு எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று கணக்கு வைத்திருந்தேன். ஆட்கள் என்னிடம்தான் கேட்பார்கள். "கிளாக்கர் ஐயா, சுருக்கமாய்ச் சொல்லுங்கோ." நான் சுருக்கமாய்ச் சொல்வேன். கிணற்றடியில், சங்கக்கடை வரிசையில், பதுங்குகுழிக்குள் நான் சொன்னதுதான் செய்தி.

எனக்கு நேர் எதிர், பிறகு அந்த வெட்டை வாங்கியவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளில் சாமான் கட்டுகிறவர்களில் அவரும் ஒருவர். பத்திரிகையைப் பல தடவை அவரே சுமந்து வந்திருக்கிறார். வாசிப்பதென்றால் வலது சுட்டுவிரலை எழுத்தின் கீழ் வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாக. ஐந்து நிமிடத்தில் ஒரு தலைப்பும் ஆறு வரியும். மணி அடித்தால் திகைத்துப் போவார்.

"நீ அந்தப் பக்கத்தை முடிக்கிறதுக்குள்ளை கொழும்பிலை பேப்பர்க் கொம்பனியை மூடிப்போடுவாங்களடா" என்பார்கள்.

"மூடட்டுங்க. அதையும் பேப்பர்ல போடுவாங்கல்ல, மெதுவா வாசிச்சுக்கிறேன்" என்பார் அவர்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாங்கில் இருக்கமாட்டார். எல்லோரும் வாசித்து முடித்த தாள் அவரிடம் போக வேண்டும். அதை எடுத்துக்கொண்டு பின்புறத்துப் பாலை மரத்தடியில் இருந்து, தலைப்பு முதல் அச்சிட்டவர் முகவரி வரை வாசிப்பார். அரை நாள் ஆகும். பிறகு என்னிடம் வந்து, "ஐயா, நீங்க பருப்பு வருதுன்னு சொன்னீங்க. வருதுன்னு போடலீங்க, வரலாம்னு தான் போட்டிருக்கு" என்பார். எனக்கு எரிச்சல் வரும். பருப்பு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாமான் கட்டப் போவதற்கு முறை வைத்திருந்தார்கள். ஒரு வாரம் ஒருவர், மறு வாரம் மற்றவர். அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய முறை. அவருடைய மகளுக்கு மலேரியா. அதனால் பக்கத்து வளவுக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து முன்பே வந்து குடியேறி வயல் செய்கிற கமக்காரர், "நான் போட்டு வாறன், நீர் பிள்ளையைப் பாரும்" என்று சொல்லி அவருடைய சைக்கிளையே வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் புளியங்குளத்துக்குத் தெற்கே வீதியில் எறிகணைகள் விழுந்தன என்று செவ்வாய்க்கிழமை கேள்விப்பட்டோம். வீதியோரத்தில் முறுக்குண்ட சைக்கிளொன்று கிடந்தது, கரியரில் சிவப்பு றப்பர் பட்டி கட்டியிருந்தது என்று ஒருவர் வந்து சொன்னார். அது மரத்தடி வாசகரின் சைக்கிள். ஆளைக் காணவில்லை. காயப்பட்டவர்களை வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள், செத்தவர்களை அங்கேயே தாட்டார்கள் என்று கதை. இராணுவ எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எங்களுக்குப் பத்திரிகையைத் தவிர வேறு வழியில்லை.

காணாமற்போனவரின் மனைவி புதன் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு காலையும் வாசிகசாலை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரமாட்டாள். "பேப்பர் வந்திட்டுதோ?" என்று மட்டும் கேட்பாள். அவளுடைய தமையன் கூடவே வருவான். காடு வெட்டுகிறவன், தோளகலம் கூடியவன், பேசினால் அதட்டுவது போலிருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியும், பொறுமை கிடையாது.

சனிக்கிழமை காலை எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்குப் பத்திரிகை வந்தது. புதன்கிழமைப் பத்திரிகை. வாங்கு நிறைந்தது. நான் முதல் இடத்தில் இருந்தேன், ஒன்றாம் பக்கத் தாள் எனக்குத்தான் முதலில் வந்தது. புளியங்குள வீதிச் சம்பவம் முதற் பக்கத்தில் இடப்பக்கப் பத்தி முழுவதும் நிறைந்திருந்தது. பத்தியின் நடுவில் கண்ணை வைத்து இறங்கினேன். சம்பவம், நேரம், வாகனங்கள். "கொல்லப்பட்டவர்களின் பெயர் விபரம்." அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று மட்டும் பார்த்தபடி ஓடினேன். வரவில்லை. அடியில் "ஆறாம் பக்கம் பார்க்க" என்ற தடித்த எழுத்து கண்ணில் பட்டது. தாளைத் திருப்பினேன். என் கொப்பியின்படி முதற் பக்கத்துக்கு நான் எடுத்தது ஒரு நிமிடம் ஐம்பது செக்கன்.

ஆறாம் பக்கத் தாள் எனக்கு வந்தபோது ஒன்பது மணி பதினைந்து. மேலே "முதற் பக்கத் தொடர்ச்சி". அதன் கீழே உடனே பெயர்கள். மூன்றாவது பெயர் காணாமற்போனவருடையது. ஊர், வயது எல்லாம் சரி.

தமையன் அரைச்சுவருக்கு வெளியே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஐயா?"

மணி அடித்தது. தாளை இடப்பக்கம் கொடுத்தேன்.

"கிளாக்கர் ஐயா, உங்களைத்தான் கேக்கிறன். இருக்கோ இல்லையோ?"

"இருக்கு தம்பி. செத்தவையின்ரை பேரிலை இருக்கு" என்றேன்.

அவன் திரும்பி நடந்தான். வாங்கில் ஒருவர், "வடிவாய்ப் பாத்தியளோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஊரும் வயதும் போட்டிருக்கு. வேறை என்னத்தைப் பாக்கிறது?" என்றேன். கொப்பியை எடுத்து, பெயரையும் நேரத்தையும் எழுதி, மரணம் என்று குறித்தேன். அதன் கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

அவர்களுடைய வளவு வாசிகசாலையிலிருந்து நானூறு யார், கூப்பிடுதூரம்தான். அங்கிருந்து எழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான் போனேன். அவள் கிணற்றுக் கட்டில் இரண்டு கைகளையும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தாள். வளையல் முழுவதும் உடைந்து கண்ணாடி மணிக்கட்டுக்குள் ஏறியிருந்தது. உடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் அடித்தாள். பொட்டை அழித்த கையில் இரத்தம் இருந்ததால் நெற்றி முழுவதும் சிவந்திருந்தது. தாலிக்கொடியைப் பிடித்து இழுத்த கையை இரண்டு பெண்கள் சேர்ந்து முறுக்கிப் பிடித்தார்கள். "செத்தவீட்டுக் கிரியை நடக்கட்டும், அதுக்குப் பிறகு" என்று ஒருத்தி கத்தினாள். அவள் அந்தப் பெண்ணின் கையைக் கடித்தாள்.

தமையன் குசினிக்குள் போய்க் காட்டுக்கத்தியோடு வந்தான். என்னைக் கடந்து போனான். அவனை மறித்த ஒருவரைக் கத்திப் பிடியால் நெஞ்சில் இடித்து வேலியில் சாய்த்தான். எங்கே போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் பின்னால் ஓடினோம்.

மரத்தடியில் அவர் இருந்தார். ஒன்றாம் பக்கத் தாள் வாங்கைச் சுற்றி முடித்து ஒன்பதரைக்கு அவர் கைக்குப் போயிருந்தது. அழுகைச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அதனால்தான் எழுந்திருக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து முடித்திருந்தார். அதில் அவருடைய அயலவர் இல்லை. அழுகிறார்களே, பேர் இல்லையே என்று, அடியில் மிச்சமிருப்பதையும் பார்த்துவிட நினைத்திருக்கிறார். இடது கையில் தாள், வலது விரல் எழுத்தின் கீழே.

"உன்ரை முறைக்கு என்ரை மச்சானை அனுப்பிப்போட்டு இஞ்சை குந்தியிருந்து பேப்பர் படிக்கிறியோடா, தோட்டக்காட்டான்!"

அவர் நிமிர்ந்தார். கத்தியைப் பார்த்தார். ஓடவில்லை.

"பொறுங்கண்ணே. இன்னும் நாலு வரி இருக்கு" என்றார்.

வெட்டு தலைக்குத்தான் வந்தது. அவர் தாள் இருந்த கையைத் தூக்கினார். தாளை அரைவாசிக்குப் பிளந்து, இடது கையின் சின்னவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொண்டு, தோளில் போய்க் கத்தி நின்றது. அவன் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான். மூன்று பேர் பாய்ந்து அவன் மேல் விழுந்தோம். நான் அவன் காலைப் பிடித்தேன். அவன் உதைத்ததில் என் மூக்கு உடைந்தது.

வெட்டுப்பட்டவர் வலது கையால் தாளை என் பக்கமாகத் தள்ளினார். "ஐயா, அடியில. நாலு வரி. வாசிங்க. சத்தமா."

நான் வாசித்தேன். என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் எழுத்தில் விழாமல் இருக்கத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். கொல்லப்பட்டவர்களின் விபரம் மேற்சொன்னவாறு. படுகாயமடைந்து வவுனியா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்று வருவோரின் விபரம் வருமாறு. ஆறாம் பக்கம் பார்க்க.

காயப்பட்டவர்களின் பெயர்கள் ஆறாம் பக்கத்தில். தலைப்பு முதற் பக்கத்தின் அடியில். பத்திரிகையை நடுவால் வெட்டியவர்கள் நாங்கள்.

தமையன் தரையில் கிடந்தபடி, "திருப்பி வாசி" என்றான். 'ஐயா' என்ற சொல் போய்விட்டது. திருப்பி வாசித்தேன். "இன்னொருக்கா." வாசித்தேன். பிடித்திருந்தவர்கள் தாமாகவே கையை எடுத்தார்கள். அவன் எழும்பி என்னிடம் வந்தான். "நீ வாசிச்சுத்தானேயடா சொன்னனீ" என்று முகத்தில் அறைந்தான். என் மூக்குக்கண்ணாடி பறந்தது. இரண்டாம் அறையில் கீழே விழுந்தேன். யாரும் தடுக்கவில்லை. மரத்தடியிலிருந்து வெட்டுப்பட்டவர்தான், "விடுங்கண்ணே, எனக்கு ரத்தம் போகுது" என்றார்.

அவன் தான் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினான். அவரைச் சைக்கிள் பாரில் இருத்தி, தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரை மிதித்தான். நான் இன்னொரு சைக்கிளில் விரல்களை வாழை இலையில் சுற்றிக் கொண்டு போனேன். வைத்தியர் அவற்றைப் பார்த்துவிட்டு, இனிப் பொருத்த ஏலாது என்று ஒரு பக்கம் வைத்துவிட்டார். எப்படி நடந்தது என்று கேட்டபோது வெட்டுப்பட்டவர், "காடு வெட்டுறப்போ பட்டுடுச்சுங்க" என்றார். வைத்தியர் தோளைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

மத்தியானம் திரும்பி வந்து அவளிடம் போனேன். ஆறாம் பக்கத்தையும் முதற் பக்கத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுகளில் துணி சுற்றியிருந்தது.

"பொட்டை வையும் பிள்ளை" என்று ஒரு பெண் குங்குமச் செப்பை நீட்டினாள்.

"வைக்கமாட்டன்" என்றாள் அவள். என்னைக் காட்டினாள். "இவர் வாசிச்சு அழிச்சது. இவர் வாசிச்சு வைக்க ஏலாது. அந்த மனுசன் வரட்டும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது புதன்கிழமைப் பத்திரிகை. அன்று சனிக்கிழமை. படுகாயம் என்று போட்டிருந்தது. இடையில் மூன்று நாள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு பத்திரிகையிலும் மரண விபரங்களை எழுத்து விடாமல் வாசித்தேன். தமையன் வெட்டுப்பட்டவருடைய முறைக்குச் சாமான் கட்டப் போனான், அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தான். இருவரும் அதிகம் பேசுவதில்லை. சாமான் கைமாறும் சோதனைச்சாவடிக்கு அப்பால், வவுனியாவுக்குள் போக அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து வருகிற எவரும் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. வாசிகசாலையில் பத்திரிகையை வெட்டுவதை நிறுத்தினோம். மணி மட்டும் இருந்தது.

வெட்டுப்பட்டவருடைய இடது கையால் இனித் தாளைப் பிடிக்க முடியாது. காற்று ஒரு முனையைத் தூக்கிவிடும். ஆகவே நான் மரத்தடிக்குப் போய் எதிரில் இருந்து தாளைப் பிடிப்பேன். எனக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். அவர் விரல் நகரும்வரை என் கை அசையக்கூடாது. முதல் நாள் இருபது நிமிடத்திலேயே தோள் கடுத்தது.

"கையை ஆட்டாதீங்க ஐயா" என்றார்.

"இந்த விளம்பரத்தையுமோ வாசிக்கப் போறீர்?"

"ஏன், அதுல யாரும் இருக்கமாட்டாங்களா?"

ஐப்பசி மழை தொடங்கி நான்காம் நாள், வியாழக்கிழமை பின்னேரம், நாங்கள் இருவரும் வாசிகசாலைக்குள் அப்படித் தாளைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது வீதியில் ஒருவர் இரண்டு ஊன்றுகோல்களோடு சேற்றில் வந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முகம் பாதியாகியிருந்தது. எங்களைப் பார்த்து நின்றார்.

"உம்மடை சைக்கிளை விட்டிட்டன்" என்றார் மரத்தடி வாசகரிடம். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். "உதென்ன?"

"நீங்க வீட்டுக்குப் போங்க முதல்ல" என்றார் அவர்.

நாங்களும் பின்னால் போனோம். வேலிப் படலையடியில் வந்தவர் நின்றுவிட்டார். அவள் முற்றத்தில் மழைநீருக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். வெறும் நெற்றி, வெறும் கை, மணிக்கட்டில் வெள்ளைத் தழும்புகள். அவருடைய கண் அவள் நெற்றியில் நின்றது. தமையன் கொட்டிலிலிருந்து வெளியே வந்தான். அவனையும் எண்ணிக்கொண்டார். பிறகு பயந்த குரலில் கேட்டார்:

"ஆர் செத்தது?"

அவள் வாளியை நிமிர்த்தி வைத்தாள். முகத்தில் மழை ஓடியது.

"நீங்கள்தான்" என்றாள். "ரண்டு மாதமாச்சு. உள்ளுக்கு வாங்கோ, நனையாமல்."